பட்டியலில் இல்லாத கல்லூரி

சனிக்கிழமை காலை. லண்டன், கோலியர்ஸ் வுட் வீட்டின் குசினியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த மகள் டிலானி எழுந்து வந்து குசினி வாசலில் நின்றாள். கையில் ஒரு தாள். பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வந்தது, சூடு ஆறாமல் ஓரம் சுருண்டிருந்தது.

“அம்மா, இதை ஆர் எழுதினது?”

அவள் என்னோடு வழமையாக ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். ‘அம்மா’ மட்டும் தமிழில் வரும். அன்றைக்கு முழு வசனமும் தமிழில் வந்தது. நான் பட்டர் கத்தியைக் கீழே வைத்தேன்.

தாளில் இரண்டு மின்னஞ்சல்கள் இருந்தன. மேலே உள்ளது ஹொலண்டில் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி அனுப்பியது. எங்கள் கல்லூரி வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்ததை அறிந்து வருந்துகிறோம், உங்கள் மருந்தியல் படிப்புக்கு வாழ்த்துகள் என்று நாலு வரி. கீழே உள்ளது டிலானி அவர்களுக்கு எழுதியது. அதாவது, டிலானியின் பெயரில் எழுதப்பட்டது.

அவள் அப்படி ஒரு முடிவும் எடுக்கவில்லை. திங்கள் தொடங்கி வெள்ளி வரை அவள் வீட்டிலேயே இல்லை. உயிரியல் வகுப்போடு வேல்ஸ் கடற்கரைக்குப் போய், முழங்கால் சேற்றில் நின்று நண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

“ஆர் எழுதினது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று திரும்பவும் கேட்டாள்.

“தெரியாது பிள்ளை” என்றேன். அது பொய்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் ஹொலண்டில் தக்காளித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன கதையை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதில் வருகிற சிலர் இன்னும் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் அவர்களுக்கு விளங்கும். விளங்கட்டும்.

ஒரு பிஸ்கட்டும் ஒரு தீர்ப்பும்

நாங்கள் ஏன் ஹொலண்டை விட்டு வந்தோம் என்று பலர் கேட்பார்கள். அங்கே அகதி அந்தஸ்து கிடைத்து, பிறகு பாஸ்போர்ட்டும் கிடைத்து, வீடும் வேலையும் இருந்த குடும்பம். பிள்ளையின் படிப்புக்காக என்று சொல்வேன். அதற்குமேல் சொல்வதில்லை.

அங்கே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது வரும்போது, இது மேலே படிக்கக்கூடிய பிள்ளையா, கைத்தொழில் பழக வேண்டிய பிள்ளையா என்று வகுப்பு ஆசிரியை சொல்லுவார். அதன்படி பள்ளிக்கூடம் பிரியும். ஒரு பின்னேரம் எங்களைக் கூப்பிட்டார்கள். ஆசிரியை நல்ல மனுசிதான். கோப்பி தந்தார். பிஸ்கட் டின்னைத் திறந்து ஆளுக்கு ஒன்று தந்துவிட்டு மூடி வைத்தார். பிறகு, டிலானி அமைதியான, உதவி செய்கிற பிள்ளை, சமையல் அல்லது முதியோர் பராமரிப்பு படித்தால் சந்தோசமாக இருப்பாள் என்றார்.

டிலானி அந்த வகுப்பில் அமைதியாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் கேள்வி கேட்டால் அந்த ஆசிரியை பிறகு பார்ப்போம் என்பார். பிறகு பார்த்ததே இல்லை.

என் கணவர் அன்ரன் ஒரு கோழித் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். அவருக்கு டச்சு மொழி அவ்வளவாக வராது. வெளியே சைக்கிளை எடுக்கும்போது கேட்டார், “அவ என்ன சொன்னவ?” நான் சொன்னேன். அவர் சைக்கிளில் ஏறி மிதித்தார். அந்த வருடம் கோடை முடிய முன்னர் நாங்கள் லண்டனில் இருந்தோம்.

எனவே, லண்டனில் படித்து நல்ல மார்க் எடுத்த அதே பிள்ளை, பதினெட்டு வயதில் வந்து, “நான் ஹொலண்டுக்குப் போய்ப் படிக்கப் போறன்” என்று சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உன்னைச் சமைக்கப் போ என்று சொன்ன நாட்டுக்கா திரும்பிப் போகிறாய் என்று முதலில் கத்தியவள் நான்.

ஆர்ட்ஸ் என்ற சொல்

அவள் போக விரும்பியது ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரி. ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறார்கள். மொத்தமே சில நூறு மாணவர்கள். எல்லோரும் கல்லூரி வளவுக்குள்ளேயே தங்க வேண்டும். முதல் வருடத்தில் ரசாயனமும் சரித்திரமும் தத்துவமும் சேர்த்தே படிக்கலாம். பிறகுதான் எது தன் பாடம் என்று முடிவெடுக்க வேண்டும்.

இதைத் தமிழாளுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள்.

எங்கள் ஊரில் ‘ஆர்ட்ஸ்’ என்றால் கணக்கும் உயிரியலும் ஓடாத பிள்ளை போகிற இடம். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே முகங்கள் மாறும். கோயில் மண்டபத்தில் ஒரு அக்கா, உண்மையான கவலையோடு என் கையைப் பிடித்துக் கேட்டார். “படம் கீறப் போறாளோ தங்கச்சி? நல்லாப் படிக்கிற பிள்ளையெல்லே?”

டிலானிக்கு இந்தக் கல்லூரிகளைப் பற்றிச் சொன்னது பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை செய்த ஒரு பெண். அதற்குப் பிறகு இவள் ஒரு கொப்பி போட்டு எழுதத் தொடங்கினாள். அமெரிக்காவில் ஐந்தாறு, ஹொலண்டில் இரண்டு. எந்தக் கல்லூரியில் ஆசிரியர் வீட்டுக்கதவு திறந்திருக்கும், எந்தக் கல்லூரியில் பணக்காரப் பிள்ளைகள் மட்டும், எந்தக் கல்லூரிப் பட்டத்தை மேற்படிப்புக்கு மற்றப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினாள். படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பினாள். ஒருத்தி, எனக்கு இரண்டு வருடம் வேலை கிடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும் என்று பதில் எழுதியிருந்தாள். டிலானி அதையும் கொப்பியில் ஒட்டினாள்.

இப்படித் தேடிப் படித்துவிட்டு ஒரு பிள்ளை முடிவெடுத்தால் அதைப் பிடிவாதம் என்று சொல்கிறார்கள். பேப்பரில் வந்த பல்கலைக்கழகத் தரவரிசை அட்டவணையைப் பார்த்து முடிவெடுத்தால் அது புத்தி.

மாஸ்டர்

அந்த அட்டவணையைக் காவித் திரிந்தவர் செல்வம் மாஸ்டர்.

பக்கத்திலுள்ள மோர்டனில் கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் கணக்கு ரியூசன் வைத்தார். கத்தோலிக்கரான நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஊரில் பெயர்பெற்ற ஆசிரியர். இங்கே வந்து ஏழு வருடம் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கியவர். அந்த ஏழு வருடத்தைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் மண்டபத்துப் பலகையில் தாள் ஒட்டுவார். பிள்ளையின் பெயர், படிப்பு, பல்கலைக்கழகம், அது நாட்டில் எத்தனையாவது இடம் என்பது சிவப்பு மையில். தாய் தகப்பன்மார் பூசை முடிந்து வந்து பலகைக்கு முன்னால் நிற்பார்கள். தங்கள் பிள்ளையின் பெயரைவிட மற்றவர்களின் சிவப்பு எண்களைத்தான் கனநேரம் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட அட்டவணை கையில். டிலானியிடம் கல்லூரியின் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். நின்றவர்கள் எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

“இதிலை இல்லையே பிள்ளை.”

“அது இங்கிலாந்துப் பேப்பர், அங்கிள். ஹொலண்ட் எப்பிடி அதிலை வரும்?”

ஒரு பெடியன் சிரித்துவிட்டான். மாஸ்டருக்கு முகம் கறுத்தது. “உலகப் பட்டியலும் இருக்குது” என்றார். “அதிலையும் பாத்தனான். இல்லை.”

“அது ஆராய்ச்சி செய்யிற பெரிய இடங்களை மட்டும்தான் எண்ணும். இது படிப்பிக்கிற இடம்.”

“படிப்பிக்கிறதை நீ எனக்குச் சொல்லித்தாறியோ?” என்று கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். என்னை இல்லை. அவருக்கு நான் எப்போதும் அன்ரனின் மிஸிஸ்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மகளுக்காக ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு இடங்களைப் பார்த்தேன்

இரண்டு இடங்களையும் நேரில் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் நானும் டிலானியும் மட்டும்தான். மாஸ்டர் பார்க்கவில்லை.

முதலில், தகப்பனின் விருப்பத்துக்காக அவள் மருந்தியலுக்கு விண்ணப்பித்திருந்த, லண்டன் நடுவில் இருக்கிற ஒரு பெயர்பெற்ற பல்கலைக்கழகம். இவரும் வந்தார். வாசலில் பெரிய தூண்கள். இவர் எங்களைத் தூணுக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்து, பாரிசில் இருக்கும் தன் அண்ணைக்கு அன்றைக்கே அனுப்பினார். உள்ளே படிப்படியாக இறங்குகிற மண்டபம். கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கு மேடையில் கதைத்தவரின் முகம் தெரியவில்லை. முடிந்தபிறகு டிலானி வரிசையில் நின்று, மருந்தியலோடு சரித்திரமும் ஒரு பாடமாக எடுக்கலாமா என்று கேட்டாள். அங்கே நின்ற பெண் இணையத்தளத்தின் முகவரி அச்சடித்த பேனை ஒன்றைத் தந்தாள்.

அந்த இடத்தை நான் குறை சொல்லவில்லை. மருந்தியல் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு அது நல்ல இடம்.

பிறகு பங்குனியில், நானும் டிலானியும் பகல் கப்பலில் ஹொலண்டுக்குப் போனோம். கல்லூரி முன்பு கன்னியாஸ்திரிகளின் மடமாக இருந்த செங்கல் கட்டிடம். நடைபாதையில் ஈரச் சப்பாத்து மணமும் சூப் மணமும். தூண் ஒன்றும் இல்லை. படம் எடுத்து அனுப்ப ஒன்றுமே இல்லை.

ஒரு வகுப்பில் எங்களை இருக்கவிட்டார்கள். ஒரு நீள மேசையைச் சுற்றிப் பதினாலு பேர். ஒரு நகரத்தில் கொலரா பரவியபோது அதிகாரிகள் எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டு, கிருமியைப் பற்றி ஒருவன் சொல்ல, அந்தக் காலத்துச் சட்டத்தைப் பற்றி இன்னொருத்தி மறுத்தாள். ஆசிரியர் வாய் திறக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு டிலானியைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். டிலானி சொன்னாள். அவர் அது பிழை என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். ஐந்து நிமிடம் இருவரும் வாக்குவாதப்பட்டார்கள். நான் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த நாட்டில் ஒரு ஆசிரியர் என் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொன்னதை அன்றுதான் முதல்தரம் பார்த்தேன்.

வெளியே வந்ததும் என் டச்சு மொழியில் அவரிடம் நேரே கேட்டேன். “இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?”

“எனக்குத் தெரியாது” என்றார். “இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்கும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பாட்டு அறையில் லண்டன் பெடியன் ஒருவன், எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன் என்று சொன்னதும் கேட்டது. இன்னொரு பிள்ளையின் தகப்பன் தூதுவராம். இதெல்லாம் என் மனத்தில் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மயங்கியவள் இல்லை.

ஆனால் கப்பலில் திரும்பி வரும்போது டிலானி நிறுத்தாமல் கதைத்தாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. ஏப்ரலில் இடம் தருகிறோம் என்று கடிதம் வந்தது. மே கடைசிக்குள் பதில் சொன்னால் போதும், பரீட்சைக்குப் படிக்கவும் வேண்டும், அப்பாவோடு ஒருக்கால் ஆறுதலாகக் கதைத்துவிட்டு எழுதுகிறேன் என்றாள். தகப்பனின் சம்மதத்துக்காகத்தான் அவள் பிந்தினாள்.

புதன்கிழமை

அவள் வேல்ஸுக்குப் போன வாரம், புதன்கிழமை பின்னேரம் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் இங்கே கடைகளுக்கு உறைந்த மீன் விநியோகம் செய்கிறவர். அன்றைக்கு வேளைக்கே வந்து, குளித்து, சேர்ட் மாற்றி இருந்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இருவரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார்கள். நான் குசினியில் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாரும், டிலானியின்ரை பாஸ்வேர்ட் என்ன?” என்று இவர் கேட்டார்.

“ஏன்?”

“யூனிவர்சிற்றி ஃபோமிலை அட்ரஸ் சரிபாக்க வேணுமாம். மாஸ்டர் பாக்கிறார்.”

கப்பல் டிக்கெட் பிரிண்ட் எடுக்க டிலானி பாஸ்வேர்டை எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். ஹொலண்டில் நாங்கள் இருந்த தெருவின் பெயரும் வீட்டு இலக்கமும். நான் அடுப்பை விட்டு வராமலே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். சட்டிக்குள் எண்ணெய் இரைந்த சத்தத்தில் மாஸ்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சத்தமாகச் சொன்னேன்.

கட்லட் நல்லாயிருக்குது என்று மாஸ்டர் சொல்லிவிட்டுப் போனார்.

தொலைபேசியில்

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகவில்லை. விம்பிள்டனில் உடுப்புத் தோய்க்கும் கடையொன்றில் காற்சட்டை அளவு குறைக்கிற வேலை எனக்கு. வயிற்று வலி என்று சொன்னேன். பிறகு கல்லூரிக்குப் போன் எடுத்தேன்.

அனுமதிப் பகுதியில் மரைக்க என்ற பெண் எடுத்தாள். வசனங்களை முதலிலேயே தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் ‘ஹலோ’ சொன்னதும் எல்லாம் மறந்துபோனது. தக்காளித் தோட்டத்தில் பழகிய டச்சு மொழிதான் வாயில் வந்தது.

“என் மகள் அந்தக் கடிதம் எழுதவில்லை.”

“யார் எழுதியது, அம்மணி?”

“என் கணவர்” என்றேன். அந்த மொழியில் கணவருக்கும் ஆணுக்கும் ஒரே சொல்தான். ஒரு மனிதன் எழுதினான் என்று நான் சொன்னதாக அவள் நினைத்திருக்கலாம். அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

இடம் வியாழக்கிழமையே காத்திருந்த அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது. அறைகள் எண்ணிக்கையாகத்தான் இருக்கின்றன, ஒரு கட்டில்கூட மிச்சமில்லை என்றாள். ஆயிரம் பேர் படிக்கிற இடமென்றால் எங்காவது ஒரு மூலையில் ஒருத்தியைச் செருகியிருப்பார்கள். அந்தக் கல்லூரியில் எனக்குப் பிடித்ததே அது சின்னது என்பதுதான். அந்தச் சின்னதே எங்களுக்குக் கதவை மூடியது.

“அந்தக் கடிதத்தை எழுதியவர், தான்தான் எழுதினேன் என்று கையெழுத்து வைத்து அனுப்பினால், குழுவுக்குக் காட்டலாம்” என்றாள். “அடுத்த வருடத்துக்கு அவளை நேர்முகமில்லாமல் எடுப்பதற்கு நான் கேட்டுப் பார்க்கிறேன். வாக்குறுதி தர முடியாது.”

வாசலில் ஒரு கதிரை

இவரிடம் அந்தக் கிழமை முழுவதும் நான் கதைக்கவில்லை. சோறு போட்டேன். கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில் அவருக்கு விளங்கியிருக்கும். டிலானிக்கும் விளங்கிவிட்டது. நான் போன் எடுத்ததை அவளிடம் சொன்னேன். அப்பாவும் மாஸ்டரும் செய்தது என்று சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை.

சனிக்கிழமை மோர்டனுக்குப் போனேன். மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் குனிந்து கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் வாசலுக்கு வந்தார்.

“தங்கச்சி, வகுப்பு நடக்குது.”

“நடக்கட்டும் மாஸ்டர். நான் இருக்கிறன்.”

அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றை எடுத்து, கதவுக்கு நேரே போட்டு அதில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கதவைச் சாத்திவிட்டு நடைபாதைக்கு வந்தார்.

“நீங்கள் என்ரை மகளின்ரை பேரிலை கடிதம் எழுதினீங்கள்.”

“அன்ரன் கேட்டவர். தேப்பன் கேட்டால் நான் என்ன செய்யிறது?”

“கேட்டது அவர். எழுதினது நீங்கள். அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது.”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்லவிதமாகவே சொன்னார். “தங்கச்சி, யோசிச்சுப் பாருங்கோ. அந்தக் கல்லூரிக்குப் பத்து வயசும் வராது. அதிலை படிச்சவை ஆரை உங்களுக்குத் தெரியும்? நாளைக்கு வேலைக்குப் போனால் அந்தப் பேரைப் பாத்து ஆர் கதவு திறப்பான்? வெள்ளைக்காரப் பிள்ளையள் எங்கை படிச்சாலும் தப்பிவிடுவினம். எங்கடை பேரை வாசிக்கவே அவங்களுக்கு ஏலாது. எங்களுக்குப் பெரிய பேர் ஒண்டு முன்னுக்கு நிக்க வேணும். நான் இந்த நாட்டிலை பட்டத்தை வைச்சுக்கொண்டு என்ன வேலை செய்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“இதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம் மாஸ்டர். முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். அவள் கேட்டிருப்பாள், கொப்பியிலை எழுதியும் வைச்சிருப்பாள். அவள் வீட்டிலை இல்லாத நேரம் பாத்து வந்து, அவள் மாதிரிக் கதைச்சு எழுதினது ஏன்?”

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்கள்தான் எழுதினது எண்டு இப்ப ஒரு கடிதம் எழுதித் தாங்கோ.”

“என்ரை பேர் என்ன ஆகும்?”

“எனக்குத் தெரியாது. ஒரு மணிக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகத் தாய் தேப்பன்மார் வருவினம். அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையிலைதான் இருப்பன். அவையள் கேட்டால் சொல்லுவன்.”

அவர் என்னை அப்போதுதான் முதல்தரம் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளே போய்க் கணக்குக் கொப்பி ஒன்றில் தாள் கிழித்துக்கொண்டு வந்து, ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினார். வாங்கி வாசித்தேன். ‘குடும்பத்தில் ஏற்பட்ட ஒரு தவறான விளக்கத்தால்’ என்று இருந்தது. அதை விளங்கிக்கொள்ள என் ஆங்கிலம் போதும்.

“தவறான விளக்கம் ஒண்டும் இல்லை மாஸ்டர். அவளுக்குத் தெரியாமல் நான் எழுதினேன் எண்டு எழுதுங்கோ.”

முதலாவது தாய் தெருவில் கார் நிறுத்துவது ஜன்னலில் தெரிந்தது. அவர் இரண்டாவது தாளை எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். நான் கதிரையைத் தூக்கி, எடுத்த அடுக்கிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் இவர் வந்ததும் தாளை மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு, “நான் அண்ணைக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டார்.

அதுதான் அவர் முதலில் கேட்டது.

“பன்ரண்டு வயசிலை ஒருத்தி எங்கடை பிள்ளையைக் கேளாமல் முடிவெடுத்தாள் எண்டுதானே நாட்டை விட்டு வந்தனீங்கள்” என்றேன். “அவள் எங்களைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரை சொன்னவள். ஒரு பிஸ்கட்டும் தந்தவள். நீங்கள் அதுகூடச் செய்யேல்லை.”

அவர் எழுந்து போய் மீன் ஏற்றுகிற வானைக் கழுவத் தொடங்கினார். அது ஏற்கெனவே கழுவிய வான்.

அந்த வருடம்

டிலானி பரீட்சை எழுதினாள். மருந்தியலுக்குத் தேவையான மார்க்குகள் வந்தன. வந்த அன்றைக்கே அந்த இடம் வேண்டாம் என்று எழுதினாள், தானே. அந்த செப்டெம்பரில் பலகையில் அவளுடைய பெயர் இல்லை. அவளுக்குப் படிப்பு ஓடவில்லை என்று கோலியர்ஸ் வுட் முழுக்கக் கதைத்தார்கள். மாஸ்டர் உண்மையைச் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

ஒரு வருடம் அவள் பேக்கரி ஒன்றில் வேலை செய்தாள். தகப்பனும் மகளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பை எடு, கதவைப் பூட்டு, இவ்வளவுதான் பேச்சு. இவர் ஒருநாள் அவளுக்குப் பிடிக்கும் என்று இறால் கொண்டுவந்தார். அவள் நன்றி சொல்லிவிட்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டாள். அவருக்காக எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நினைத்தும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த மாசியில் கல்லூரியிலிருந்து மரைக்கவே போன் எடுத்து, குழு சம்மதித்துவிட்டது என்று சொன்னாள்.

டிலானி இப்போது என்ன செய்கிறாள், எவ்வளவு உழைக்கிறாள், அந்தப் பட்டத்தால் பிரயோசனம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் சொல்லப்போவதில்லை. நல்லாயிருக்கிறாள் என்று சொன்னால், அப்போ அந்தக் கல்லூரி பரவாயில்லை என்பீர்கள். கஷ்டப்படுகிறாள் என்று சொன்னால், மாஸ்டர் சரியாகத்தான் செய்தார் என்பீர்கள். அவர் செய்தது இரண்டிலும் பிழைதான்.

அவள் புறப்பட்ட நாள் காலை, லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். கப்பலுக்குப் போகும் ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. பெட்டிகளுக்கு மேல் குந்தியிருந்து ஆளுக்கொரு கோப்பி குடித்தோம். மாஸ்டரை எழுத வைத்தேன், இவரைக் கேட்டேன், எல்லோரையும் கேட்டேன். நான் ஒருத்தி மட்டும் மிச்சம்.

“டிலானி, பாஸ்வேர்டைச் சொன்னது நான்தான்” என்றேன். “குசினியிலை நிண்டு சொன்னனான். ரெண்டு தரம்.”

அவள் கோப்பிக் கோப்பையின் மூடியை அழுத்தி மூடினாள்.

“தெரியும் அம்மா.”

“எப்ப இருந்து?”

“அண்டைக்கே. உங்களைத் தவிர அது ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டனான். வாசல்லை நிண்டு கேட்டனான். நீங்கள் தெரியாது எண்டனீங்கள்” என்றாள். “பிறகு நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

ரயில் வந்தது. பெரிய பெட்டியை நான் தூக்க, சின்னதை அவள் தூக்கினாள். ஏறி நின்று என்னைக் கட்டிப்பிடித்தாள். ‘பாத்துக்கொண்டிருந்தன்’ என்றதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.